சீட்டு ஒட்டாத லேப்டாப்

எங்கள் வீட்டு லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் எழுதி, மேலே கண்ணாடி டேப் ஒட்டியது. ‘பேட்டரி ரெண்டு மணி நேரம். ஸ்பீக்கர் சத்தம் கம்மி. மூடியில் கீறல். டிஸ்க் புதுசு.’ கள்ளக்குறிச்சியில் பழைய லேப்டாப் வாங்கி விற்றுக்கொண்டிருந்த பாய் எழுதியது. அவர் கடையில் எதைத் திருப்பினாலும் இப்படி ஒரு சீட்டு இருக்கும். தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டி விற்கிறவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்தபோது அதன் அருமை தெரியவும் இல்லை.

என் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துச் சேர்ந்த வருஷம் அது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை விற்ற பணத்தில் விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்தது போக மீந்ததுதான் கையில் இருந்தது. புதுசின் விலையில் அது பாதிகூட வராது. இந்த ஒருமுறை தவறினால் அடுத்த மகசூல் வரைக்கும் அவள் தோழிகளின் லேப்டாப் எப்போது கிடைக்கும் என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் கரும்பு வெட்டு என்று வரவில்லை. நானும் அவளும் தியாகதுருகத்தில் பஸ் ஏறிப் போனோம். பாய் கீறல் விழுந்த ஒன்றை எடுத்து வைத்தார். என் கண்ணோ பக்கத்து அலமாரியில் பளபளவென்று இருந்த இன்னொன்றில் நின்றது. அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சீட்டே இல்லை. விலை கேட்டேன். “நேத்துதாம்மா வந்துச்சு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெலதான் வரும்” என்றார். அதற்குள் வேறு யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மகள் கீறல் விழுந்ததில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “இது டக்குன்னு தொறக்குதும்மா” என்றாள். “அவரே கொறைய எழுதி ஒட்டிக்கினு இருக்காரு. அதப் போயி வாங்கச் சொல்றியேடி” என்று அதட்டி, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அழைத்து வந்தேன்.

கிணறு தோண்டுவதானாலும் வரன் முடிப்பதானாலும் எங்கள் வீட்டில் மாரியம்மனிடம் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் நடக்காது. அன்றும் சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, ஒரே அளவுத் தாளில் மடித்து அம்மன் காலடியில் போட்டேன். சிவப்பு வந்தால் கீறல் விழுந்தது, வெள்ளை வந்தால் பளபளப்பு. படிக்கப் போகிறவள் அவள்தானே என்று அவளையே எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. பூவை என் கையில் வைத்து, “சரிம்மா” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். “அந்த பளபளப்ப குடுங்க பாய்.”

“அது வேணாம்மா.”

“ஏன், வேற யாருக்காவது சொல்லிட்டீங்களா?”

“இல்லம்மா. இன்னும் தொறந்து பாக்கல. பாத்தாதான சீட்டு எழுத முடியும்?”

சீட்டு இல்லாததைக் குறை இல்லாதது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது குறை இன்னதென்று தெரியாதது. அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் சாமி சொன்னதை விட மனசு வரவில்லை. “பூக்கட்டிப் பாத்துட்டுதான் வந்திருக்கேன். சாமி உத்தரவாயிடுச்சு. குடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?” என்று சத்தம் போட்டேன். கடையில் இருந்த ஒருவர், “பாய், இனிமே கல்லாவுல ஒரு பூசாரிய குந்த வைங்க” என்று சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. “சாமி உத்தரவுன்னா நான் மறிக்கலம்மா. பத்து நிமிஷம் குந்துங்க. உங்க எதிர்லயே தொறக்கறேன்” என்றார்.

ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். மூடி வந்ததும் உள்ளே பச்சையாகப் பாசி பூத்த மாதிரி தெரிந்தது. “உள்ள தண்ணி எறங்கி இருக்கு. ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் நின்னுடும்” என்றார். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு லேப்டாப்பைப் பற்றிய கவலைகூட அப்போது இல்லை. அம்மன் ஏன் இதைக் காட்டினாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “இத எனக்கு வித்தவரு இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் ஊர்ல இருப்பாரு. நாளைக்கு தொறந்திருந்தா என் காசு போச்சு. உங்க ஆத்தா எனக்கும் சேத்துதாம்மா பூ குடுத்திருக்கா.”

நம்பித்தான் சொன்னாரோ, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது. அன்று வீடு திரும்ப அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. கீறல் விழுந்ததையே வாங்கினோம். மகள் அதிலேயே படித்து முடித்தாள். இப்போது சென்னையில் வேலை; ஆபீசில் வேறு லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். பாய் கடையை எடுத்துவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார்.

போன வாரம், கரும்பு வெட்ட எங்கள் நிலத்துக்கு வருகிற கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி, தன் மகளுக்கு இந்த லேப்டாப்பை விலைக்குக் கேட்டாள். அவள் மகளும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். “அந்த சீட்ட கிழிச்சிட்டு குடேன். அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது” என்றார் வீட்டுக்காரர். நகத்தை வைத்து ஒரு மூலையைத் தூக்கினேன். டேப் மஞ்சளடித்துப் போயிருந்தது, சுலபமாகவே வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப அழுத்தி ஒட்டினேன். கீழே இன்னொரு தாளை ஒட்டி என் கையெழுத்தில் எழுதினேன்: ‘பேட்டரி இப்போது அரை மணி நேரம். எட்டாம் நம்பர் பொத்தான் அமுங்காது.’

விலை பேசும்போது அந்தப் பெண், “சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேங்கக்கா” என்றாள்.

“கேளும்மா. நாளைக்கு பொண்ண கூட்டிக்கினு வா. சீட்ட படிச்சிட்டு அப்புறம் போய் கேளுங்க” என்றேன்.

லேப்டாப் மேசைமேல் கிடக்கிறது, அடிப்பக்கம் மேலே தெரிய.