ஈரம் தேடும் பவுடர் அக்கா

மூடியைத் தூக்கியதும் முதலில் மூக்கை விடுவார். கை அப்புறம்தான். படகின் பின் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் எஞ்சின் அறையில் பெட்ரோல் வாடை தேங்கியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குப்புறப் படுத்து இடுப்பு வரை உள்ளே போய்விடுவார். அதன் பிறகு அவரோடு பேச வேண்டுமானால் அவருடைய செருப்போடுதான் பேச வேண்டும். செருப்பும் பதில் சொல்லும். "யாரு அது? அங்க நிக்காதீங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

ஆற்றங்கரைப் பட்டறையில் எல்லோருக்கும் இவர் பவுடர் அக்கா. காரணம் தெரிய அவருடைய பையைத் திறந்தால் போதும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், டார்ச், கம்பி முனையில் ஒட்டிய சின்னக் கண்ணாடி, தையல்காரரான கணவரின் கடையிலிருந்து அள்ளி வந்த வெட்டுத்துணிகள். இத்தனைக்கும் நடுவில் குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா. தண்ணீர் ஒழுகும் எஞ்சின் அறையை முதலில் ஈரமே இல்லாமல் துடைத்துவிடுவார். பிறகு மூலை முடுக்கெல்லாம் பவுடரைத் தூவிவிட்டுக் காத்திருப்பார். தண்ணீர் வந்த வழியில் பவுடர் கரைந்து கோடு விழும். கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஓட்டை அகப்படும். மாதாமாதம் இத்தனை டப்பா வாங்குகிறாரே என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டாராம், "வீட்டுல எத்தனை குழந்தைக்கா?" "தொட்டில்ல ஒண்ணும் இல்ல. தண்ணியில நிறையக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

கசிவை யாராவது சின்னதாக்கிச் சொன்னால் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கொஞ்சமாத்தான் கசியுதுக்கா" என்று ஒருவர் தலையைச் சொறிந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "கசியுது, கசியல. ரெண்டுதான் உண்டு. கொஞ்சம்ங்கறதெல்லாம் உங்க ஆசை" என்றார். அடியில் தேங்கிய தண்ணீரை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயில் கோளாறு. வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. ஜில்லென்று இருந்தால் ஆறே நேராக உள்ளே வருகிறது. "எங்கேருந்து வர்றேன்னு தண்ணியே சொல்லுது. கேக்கத்தான் ஆளில்ல" என்பார்.

தண்ணீரை வைத்தே பிழைக்கும் இந்த மனுஷிக்கு நீச்சல் தெரியாது. படகு கட்டிக் கிடக்கும் வரைக்கும் அதில் புரண்டு எழுந்து வேலை செய்வார். கயிற்றை அவிழ்க்க யாராவது குனிந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனை என்றால் சொந்தக்காரரை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பார். "எனக்குப் பயம் சார். அதுல வெக்கம் என்ன இருக்கு? பயந்தவளுக்குத்தான் ஓட்டை கண்ணுல படும்." இதை ஒளிக்காமல் சொல்வதாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எனக்கும் ஒரு பயம் சமீபத்தில் வந்து சேர்ந்தது. வேலைக்காக நான் தினமும் அக்கரைக்குப் போய் வருகிறவன். எங்கள் ஆறு அகலம் அதிகம், ஆழம் குறைவு, அடியெல்லாம் பாறை. அடியில் விசிறி சுழலும் படகு போனால் பாறையில் பட்டு விசிறி நொறுங்கிவிடும். அதனால் ஜெட் படகுதான் கதி. தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்பக்கம் பீச்சியடித்து ஓடும் படகு அது. எங்கள் துறைக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை ஓட்டும் படகுக்காரர் வாய் ஓயாத மனிதர். அன்று நடு ஆற்றில் அந்த வாயும் எஞ்சினும் ஒரே நேரத்தில் நின்றன. மூடியைத் தூக்கினால் உள்ளே குளம். பெல்ட் அந்தத் தண்ணீரை வாரி இறைத்து வயர்களையெல்லாம் நனைத்திருந்தது. பக்கெட்டால் இறைத்துக்கொண்டே கழியால் தள்ளிக் கரை சேர்ந்தோம். என் காலணி ஆற்றோடு போனது. உயிர் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேனே தவிர, அவரைத் திட்டாமல் விடவில்லை.

அவர் நிலைமை என்னுடையதை விட மோசம். அவருடைய ஒரே மகளை அக்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுக்கு இது ஒன்பதாம் மாசம். ஆஸ்பத்திரி இக்கரையில். பாலத்தைச் சுற்றி வருவதென்றால் அரை நாள் பயணம். குண்டும் குழியுமான சாலையில் அவளைக் குலுக்கிக்கொண்டு வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகில் அழைத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் குறித்திருந்த வேளையில்தான் படகு இப்படிக் காலை வாரியது. படகுக்காரரின் மனைவி துறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "நீங்க மூழ்கினா நீச்சலடிச்சு வந்துருவீங்க. அவ வயித்தோட என்ன பண்ணுவா? ஓட்டையைக் கண்டுபிடிக்காம என் பொண்ண அதுல ஏத்தக் கூடாது."

ஓட்டையோ கண்ணாமூச்சி காட்டியது. எஞ்சினிலிருந்து பம்ப்புக்குப் போகும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை ஒரு மெக்கானிக் மாற்றினார். படகுக்காரர் தனியாக ஓட்டிப் பார்த்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சந்தோஷமாக ஆளேற்றிக்கொண்டு போனார், பாதி வழியில் கணுக்கால் தண்ணீர். திரும்பி வந்து குழாய்களை இறுக்கும் கிளாம்ப்புகளை எல்லாம் மாற்றினார்கள். தனியாகப் போனால் காய்ந்து கிடந்தது, ஆளேறினால் நனைந்தது. "என் தலையெழுத்துதான்க்கா ஒழுகுது" என்று பவுடர் அக்காவிடம் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வாய் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா மோந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. "எஞ்சின்ல புதுசா எதையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். "எஞ்சின்ல கையே வைக்கலக்கா" என்றார் படகுக்காரர். அது உண்மைதான்.

படகை வண்டியில் ஏற்றி மேட்டில் நிறுத்தச் சொன்னார். அடுத்து அவர் செய்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழாயைத் திறந்து எஞ்சின் அறைக்குள் தண்டின் உயரத்துக்குத் தண்ணீரை விட்டார். ஒழுகுகிற படகிலிருந்து ஊரே தண்ணீரை வெளியே இறைக்கும், இவர் உள்ளே ஊற்றுகிறாரே என்று பார்த்தேன். ஊற்றிவிட்டு டார்ச்சோடு படகுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். "உள்ள வர்ற வழியா வெளிய போய்த்தானே ஆகணும்?" என்றது செருப்பு. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தார். அடிப்பக்கம் எங்கும் துளிகூட இறங்கவில்லை. படகுக்காரர் முகம் தொங்கிப்போனது.

அக்காவோ டீ கொண்டுவரச் சொன்னார். பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பலகையில் வைத்தார். "தனியா போனா வரல. ஆளேறினா வருது. அப்ப ஓட்டை அடியில இல்ல, கொஞ்சம் மேல இருக்கு. பின்பக்கம் அமுங்கினாத்தான் தண்ணி அதை எட்டுது. படகை எறக்கிக் கட்டுங்க. எனக்கு வெயிட்டு வேணும்."

வெயிட்டுக்கு மணல் மூட்டைகள் வந்தன. போதவில்லை. படகு என்றைக்கு ஓடும் என்று விசாரிக்க வந்த நான் துறையில் அப்பாவியாக நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம் என்பதை வீட்டில் இவ்வளவு நாளாகக் குறையாகத்தான் சொல்லி வந்தார்கள். "சார், வாங்க. நீங்கதான் எனக்கு வேணும். பின்னாடி ஓரமா உக்காருங்க" என்றார். நடு ஆற்றை நினைத்துக்கொண்டு, மாட்டேன் என்றேன். "கயிறு கட்டியிருக்கு சார். நானே ஏறியிருக்கேன், பாக்கலையா?" அதற்கு மேல் என்ன சொல்வது? போய் உட்கார்ந்தேன். என்னோடு சேர்ந்து படகின் பின்பக்கமும் உட்கார்ந்தது.

பவுடரை ஏற்கெனவே தூவி வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பேட்டரிப் பெட்டிக்குக் கீழிருந்து மெல்லிய கோடு ஒன்று வெள்ளையைக் கரைத்துக்கொண்டு புறப்பட்டு வந்தது. "வந்துட்டியா?" என்றது உள்ளேயிருந்து குரல். பேட்டரியை நகர்த்தி, கம்பிக் கண்ணாடியைப் பின்சுவருக்கு நேரே பிடித்து, டார்ச் அடித்தார். சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டது. விழுந்தது. மறுபடி திரண்டது.

"இது எந்த ஸ்க்ரூ? வெளியில இங்க என்ன இருக்கு?"

படகுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, அது நான் போட்டதுக்கா" என்றார்.

வெளியில் அந்த இடத்தில் இருந்தது ஒரு மடக்குப்படி. அக்கரையில் துறை கிடையாது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பின்பக்கமாகத்தான் படகில் தாவி ஏற வேண்டும். நிறைமாத வயிற்றோடு மகள் எப்படித் தாவுவாள் என்று யோசித்து, கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே பின்சுவரில் முடுக்கியிருக்கிறார். ஆடக் கூடாதே என்று நீளமான ஸ்க்ரூ. அதில் ஒன்றை வேகமாக முடுக்கியதில் சுவரில் விரிசல். தண்ணீர் புகாமல் துளையை அடைக்கும் சீலன்ட் பசையைத் தடவ வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மகளுக்காக வைத்த படிதான் மகளைக் கொண்டுவர விடாமல் தடுத்திருக்கிறது. "எஞ்சின்ல கை வச்சியான்னுதானே எல்லாரும் கேட்டாங்க? படியை யாரு கேட்டா?" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. காலணி போனால் போகிறது.

"இப்பவே பிடுங்கி எறிஞ்சிடுறேன்க்கா."

"எறிஞ்சிட்டு? உங்க பொண்ணு எப்படி ஏறுவா? படி இருக்கட்டும். அதை ஒழுங்கா வைப்போம்."

படகை மறுபடி மேடேற்றினார்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, விரிசலோடு சேர்த்துப் பிசின் வைத்து அடைத்தார். அது இறுகும் வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு அளவாகத் துளையிட்டு, முழுக்கச் சீலன்ட் தடவி, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து, போல்ட் போட்டார். படகை இறக்கியதும் மறுபடி மணல் மூட்டை, மறுபடி நான். இந்தத் தடவை யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் பார்த்தோம். தூவிய பவுடர் தூவியபடியே கிடந்தது. அப்பாடா என்று இருந்தது. படகுக்காரருக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. அந்தப் படியை எந்தக் கடையில் வாங்கினார், என்ன விலை கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

அவர் மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பவுடர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வேலையில எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனாலும் நீங்க ஒரு எட்டு கூடப் போயிட்டு வந்தீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் தரையைப் பார்த்தோம். பவுடர் அக்கா கயிற்றைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். கடைசியில், "லைஃப் ஜாக்கெட் ரெண்டு குடுங்க" என்றார்.

"ஒண்ணு போதும்க்கா" என்றார் படகுக்காரர்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது."

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டையும் மாட்டிக்கொண்டு, எஞ்சின் அறையில் புதிதாகப் பவுடர் தூவி மூடிவிட்டு, இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகளை அழைத்துவரப் படகு அக்கரைக்குப் போனது. அந்த அம்மா உட்காரவே இல்லை. ஆற்றில் ஒவ்வொரு பாறையையும் அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் எஞ்சின் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு படகு தெரிந்தது. பின் இருக்கையில் மகள், பக்கத்தில் அவளுடைய மாமியார், காலடியில் பெட்டிகள். பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. துறைக்குப் பக்கத்தில் வந்ததும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். கயிறு கட்டும் வரை கூட அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, எப்படி?" என்று கரையிலிருந்தே கேட்டுவிட்டார்.

படகுக்காரர் மூடியைத் தூக்கிப் பிடித்தார். பவுடர் அக்கா குனிந்து முதலில் மூக்கை விட்டார். பிறகு கையை உள்ளே விட்டு அடிப்பலகையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தடவி எடுத்தார். அந்தக் கையைக் கரையைப் பார்த்து உயர்த்திக் காட்டினார். உள்ளங்கை முழுக்க வெள்ளை. இன்னொரு கை மட்டும் இருக்கைக் கம்பியை விடவே இல்லை.