ஆஸ்பத்திரிப் பச்சை

புது வீட்டில் எனக்கென்று விடப்பட்டது வாசல் கதவு ஒன்றுதான். வீட்டின் அமைப்பு என் கணவருடையது. சமையலறை எந்த மூலையில் என்பதை வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டார். டைல்ஸை மகள் போனிலேயே பார்த்து முடித்தாள். வெளிச்சுவரின் சந்தன நிறம் மகனுடையது. எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய கதவுக்கு, "அம்மா, கலர் நீயே சொல்லிடு" என்றார்கள். மிச்சம்தான், ஆனாலும் நான் விடுவதாக இல்லை. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூட யாரும் என்னிடம் நிறம் கேட்டதில்லை.

குவார்ட்டர்ஸில் கேட்கும் வழக்கமே கிடையாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள். பிளாக்கின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை எல்லாக் கதவுக்கும் ஒரே நிறத்தை அடித்துக்கொண்டே போவார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய என் கணவர் ஈரக் கதவில் உரசி, சட்டை முதுகில் பட்டையாகப் பச்சையோடு மைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். நீலத்திலும் சேராமல் பச்சையிலும் சேராமல் ஒரு பச்சை அது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அதற்கு ஆஸ்பத்திரிப் பச்சை என்று பெயர் வைத்திருந்தோம். அடித்த ஒரு வாரத்தில் கரித்தூசி படிந்து அதுவும் மங்கிவிடும். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் நேராக அக்கா வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் வீடு மாறி வந்துவிட்டது தெரிந்து எழுந்து வருவார்கள்.

அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவள் வாய்க்கு முன்னால் பிளாக்கில் ஒருவரும் நிற்க முடியாது. என் கணவர் ரிட்டயர் ஆகி, டவுன்ஷிப்புக்கு வெளியே எங்கள் வீடு எழும்பியபோது அவளிடம்தான் சவால் விட்டேன்.

"எந்தக் கலர் வேணா அடிப்பேன்க்கா, இந்தப் பச்சைய மட்டும் என் வாசல்ல ஏத்த மாட்டேன். பால் காய்ச்சற அன்னிக்கு வந்து பாருங்க!"

அவளோடு நிறுத்தியிருக்கலாம். பால்காரர்வரைக்கும் சொல்லிவைத்தேன்.

குள்ளஞ்சாவடியிலிருந்து வந்த பெயின்டர் ஒரு கலர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் ஸ்கூல் வேன்போல இருந்தது. பிரவுன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சிவப்பைப் பார்த்தால் ஏதோ எச்சரிக்கைப் பலகை ஞாபகம் வந்தது. கடைசியில், நகம் அளவுக்கு இருந்த ஒரு கட்டத்தில் விரல் நின்றது. அடியில் ஒரு நம்பரும், கடலையும் காற்றையும் சேர்த்து ஏதோ ஆங்கிலப் பெயரும் போட்டிருந்தது. பார்க்கவே கண்ணுக்குக் குளுமை. பேனாவால் டிக் அடித்து, என் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அட்டையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். கேட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் எங்கள் குவார்ட்டர்ஸ் கதவு நின்றிருந்தது.

முதலில் கண் கோளாறு என்று நினைத்தேன். கிட்டே போனேன். அதே பச்சை. புத்தம் புதிதாக, பளபளவென்று, அதே ஆஸ்பத்திரிப் பச்சை. கதவை முந்தின நாளே முடித்துவிட்டு, ஜன்னலுக்கு அடித்த பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த பெயின்டர் எழுந்து வந்தார்.

"இன்னாங்கம்மா, அப்படியே பாத்துகினு நிக்கிறீங்க? ஷைனிங் பத்தலீங்களா?"

"என்னங்க இது? என்ன கலர் அடிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் அட்டையை எடுத்து, என் டிக் இருந்த கட்டத்தைக் கதவோடு சேர்த்துப் பிடித்தார். எது அட்டை, எது கதவு என்று தெரியவில்லை.

"பண்ருட்டி கடையில மெஷின்ல கலக்கி வாங்கியாந்தேங்க. நீங்க காட்டுனதுதாங்க."

அத்தனை நிறங்கள் இருந்த அட்டையில், யாரும் கட்டாயப்படுத்தாமல், நானே என் கையால் எடுத்தது இதுவா? வாய் இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்ததைக் கண் எப்போது பிடித்துக்கொண்டது? என் தலையை நானே நாலு தட்டு தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட, பக்கத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லாமல் நின்ற என் கணவரைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தினம் தட்டின கதவு. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆசையாக் காட்டினியே. தெரிஞ்சுதான் எடுத்திருக்கேன்னு நெனச்சேன்."

விடிந்தால் விசேஷம். மேலே வேறு நிறம் அடித்தால் காயாது. திங்கட்கிழமை வந்து மாற்றித் தருவதாகப் பெயின்டர் சொன்னார். எனக்கு இருந்த கவலை அதுவல்ல. குவார்ட்டர்ஸிலிருந்து மொத்த பிளாக்கும் வேனில் வருகிறது. அத்தனை பேர் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

காலையில் பால் பொங்கியது, ஹோமப்புகையில் எல்லார் கண்ணும் கலங்கியது. நான் கதவைத் திறந்து சுவரோரம் தள்ளி, வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அதன் முன்னால் அடுக்கடுக்காக ஏற்றி வைத்திருந்தேன். வந்தவர்கள் மாவிலையைப் பார்த்தார்கள், வாழையைப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள். ஒருவரும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது, உட்கார நாற்காலி தேடி வந்த அக்கா அந்த அடுக்கை அப்படியே இழுத்தாள்.

"ஏட்டி! குவார்ட்டர்ஸ் கதவக் கழட்டிக் கொண்டாந்துட்டியா?"

கூடம் மொத்தமும் திரும்பியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குக் காது சுட்டது.

"கடையில தப்பாக் கலந்துட்டாங்கக்கா. திங்கக்கெழம மாத்திடுவாங்க."

பந்தியில் உட்கார்ந்திருந்த பெயின்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு இட்லிக்குத் திரும்பிவிட்டார்.

சாப்பாடு முடிந்து வேன் கிளம்பத் தயாரானது. ஏறி உட்கார்ந்த அக்கா மறுபடி இறங்கி வந்தாள். இன்னொரு கிண்டலுக்குத்தான் வருகிறாள் என்று நானும் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் வாசலில் நின்று, கதவை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"நெசமாவே மாத்தப் போறியாட்டி?"

"பின்ன?"

"அப்பம் மிச்சப் பெயின்ட் கெடந்தா எனக்குத் தா."

"எதுக்குக்கா?"

"அடுத்த வருசம் நாங்களும் காலி பண்ணணும்லா. மெட்ராஸ்ல மவன் வீட்டுல எங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்காம். அந்தக் கதவுக்கு அடிச்சுக்கிடுதேன். அந்த வீட்டுல எது நம்ம கதவுன்னு எனக்குத் தெரியணும்லா."

அக்கா சிரிக்கவில்லை. நான் அதிர்ந்துபோனேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டதில்லை. எங்கள் எல்லாரையும் வாயால் கட்டி மேய்த்தவள், மகன் வீட்டில் ஒரு கதவுக்காக என் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். மாடிப்படிக்குக் கீழே போனேன். அரை டின் மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கி அழுத்தி, அவளுடைய தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். வேன் போகும்வரை அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பெயின்டர் அட்டையோடு வந்தார். நான் ஈரத்துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி அதற்குள் கரித்தூசியில் கறுத்திருந்தது.

"எந்தக் கலருங்கம்மா முடிவு பண்ணீங்க?"

"நாற்காலி உரசி இங்க கீறல் விழுந்திருக்கு பாருங்க. இதுக்கு மேல ஒரு கோட் அடிச்சுடுங்க."

"இதேவா? அப்ப மிச்ச டின்னைக் குடுங்க."

"அது இல்ல. புதுசா வாங்கிட்டு வாங்க" என்றேன். "அதே நம்பர்தான்."