கோடாரிக்குச் சொன்ன தீர்ப்பு

தனசேகரன் அண்ணனைப் பார்த்து யாராவது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் உடனே பதில் வராது. கேள்வியை ஒருமுறை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதக் கேக்குற? ஒடம்பயா, வேலையயா?" என்பார். அதற்குள் கேட்டவருக்கு பஸ் வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் வக்கீல் அரங்கநாதனிடம் குமாஸ்தாவாக இருந்தவர். காலையில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குப் போவார், சாயங்காலம் அதே கட்டுகளைச் சுமந்துகொண்டு திரும்புவார். நடுவில் வாய்தா. தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்பு அல்ல அவருடையது. அது அவருடைய சட்டை மாதிரி, தினமும் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

அந்த மனிதரைப் போய் விளையாட்டுக்கு இழுத்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு சைக்கிள் கடை. நவுஷாத் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். எண்பத்தாறில் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மச்சான் சோப்பு, சென்ட், போர்வையோடு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அட்டையில் நெருப்பு கக்கும் ராட்சசப் பல்லி. கதைப் புத்தகம் என்று பிரித்தால் உள்ளே கதையைக் காணோம், எல்லாம் விதிகள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிற விளையாட்டாம். ஒருவர் காடு, குகை, பூதம் என்று கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அடி விழுந்ததா, எவ்வளவு விழுந்தது என்பதைப் பகடை முடிவு செய்யும். இருபது முகம் உள்ள பகடைக்குக் கள்ளக்குறிச்சியில் எங்கே போவது? பிஸ்கட் டின்னில் நம்பர் எழுதிய புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். புத்தகம் சொன்ன காடுகளை நாங்கள் கண்டதில்லை. அதனால் கதை முழுக்கக் கல்வராயன் மலையில் நடந்தது, பூதங்கள் கரியாலூர் அருவிக்குப் பின்னால் குடியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் நான், ஜவுளிக்கடை அய்யப்பன், நீலமங்கலத்து இளஞ்செழியன் மூன்று பேரும் உட்காருவோம். பூதத்தோடு போட்ட சண்டையைவிட எங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைதான் அதிகம். புத்தகத்தை எழுதியவன் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கியிருந்தான். நடுவர் ஒருவர் வேண்டும் என்று தனசேகரன் அண்ணனைப் பிடித்தோம். அவர் இரண்டு நாள் புத்தகத்தை வைத்திருந்துவிட்டு, "இத எழுதுனவன் ஒரு நாளாவது கோர்ட்ல நின்னிருந்தா இப்படி எழுதமாட்டான்" என்றார். ஆனாலும் வந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் பெண்டாட்டி பேச்சு கம்மி என்று அய்யப்பன் சொல்வான், அய்யப்பன் பேச்சை நம்ப முடியாது.

இளஞ்செழியன் விவசாய வீட்டுப் பையன். கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்துவிட்டு, அரசு பஸ்ஸில் விசில் ஊதப்போகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நான் கேட்டதில்லை. விளையாட்டில் அவன் மரவெட்டி. புத்தகத்தில் ஆயுதங்களின் வரிசையில் போர்க்கோடாரி என்று ஒன்று இருந்தது, பயங்கரமாக அடிக்கும். கயிறு, லாந்தர், சாக்கு இருந்த சாமான்களின் வரிசையிலும் ஒரு சாதாரணக் கோடாரி இருந்தது. அது எவ்வளவு அடிக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. இளஞ்செழியன் கையில் இருந்தது அந்தச் சாதாரணக் கோடாரி. பூதம் எதிரில் வந்து நின்றதும், அதையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

"கோடாலியால வெட்டுனா சாவமாட்டானாண்ணா?"

"சாவான். ஒலக்கையால அடிச்சாக்கூடத்தான் சாவான். அதுக்காவ ஒலக்கைய ஆயுதம்னு எழுதிக்கினு இருக்க முடியுமா?"

"அப்ப இன்னாதான் சொல்றீங்க?"

தனசேகரன் அண்ணன் புத்தகத்தை மூடி வைத்தார். அய்யப்பன் போண்டா வாங்கப் போய்த் திரும்பி வரும்வரை யோசித்தார். பிறகு சொன்னார்: "எதுக்குன்னு கையில எடுத்தியோ, அதான் அது. ஆள வெட்டணும்னே எடுத்தா ஆயுதம். நீ மரவெட்டி, மரம் வெட்ட எடுத்துக்கினு வந்த. அதனால சாமான் கணக்குதான். பாதி அடி."

பூதம் தப்பித்தது. இளஞ்செழியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். ஆனால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் சண்டை வந்தபோதெல்லாம் அவனே "எதுக்குன்னு எடுத்த, அதச் சொல்லு" என்று எங்களை மடக்கினான்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் வந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். என் கடையில் சைக்கிள்கள் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன, அதைச் சொல்லிச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. இளஞ்செழியன் கோடாரியும் கையுமாக ஊர்ப் பையன்களோடு தியாகதுருகம் ரோட்டுக்குப் போனான். தன் சாதிக்கென்று ஒரு பங்கு வந்தால் கண்டக்டர் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. போலீஸ் வேன் வந்ததும் எல்லோரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். இவன் மட்டும் மாட்டிக்கொண்டான்.

ஜாமீன் எடுக்கப் போனபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், "கோடாலியப் போட்டுட்டு ஓடறதுக்கு இன்னாடா?" என்று கத்தினேன்.

"அப்பாவுதுண்ணா. போட்டுட்டு வூட்டுக்குப் போனா தோல உரிச்சிடுவாரு" என்றான்.

சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, பயங்கர ஆயுதத்தோடு கலவரம் செய்தது என்று வழக்குகள் போட்டார்கள். கடைசியில் சொன்னதுதான் பெரிது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவன் என்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் போனேன். நீதிபதி லீவு, சாட்சி வரவில்லை, அரசு வக்கீல் மாறிவிட்டார். கோர்ட் வேப்பமரத்தடியில் நின்று நின்று எனக்கே கால் மரத்துப்போனது. தனசேகரன் அண்ணன் நிலைமை அதைவிட மோசம். அந்த மறியலில் அங்கங்கே மாட்டிய பையன்கள் எத்தனையோ பேருடைய கட்டுகள் அவர் தோளில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டெல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தது. இளஞ்செழியன் கலங்கி நிற்கும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்லித் தேற்றினார்: "கோடாலி ஆயுதம்னு நிக்கலன்னா கேஸ்ல உயிர் இல்லப்பா. பயப்படாத."

தொண்ணூறில் கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்தது. கேஸ் இருக்கிறது என்று தெரிந்ததும், விடுதலையான தீர்ப்பைக் கொண்டுவந்து சேர்ந்துகொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு விடுதலை என்ற சொல் காதில் விழவில்லை. கேஸ் முடிந்தால் வேலை என்று மட்டும் பிடித்துக்கொண்டான்.

விசாரணை வந்தபோது கேஸ் நமக்குச் சாதகமாகத்தான் போனது. ஊர்ச் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்றார். இவனைப் பார்த்ததாகச் சொல்ல ஒரே ஒரு போலீஸ்காரர்தான் மிச்சம். நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவனிடம் கேட்கிற கேள்விகள் மட்டும் பாக்கி. வக்கீல் அரங்கநாதன் வாசலிலேயே அவனைப் பிடித்துச் சொன்னார்: "எது கேட்டாலும் பொய்னு சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத." தனசேகரன் அண்ணனும் தலையை ஆட்டினார்.

நீதிபதி, கூட்டத்தில் கோடாரியோடு நின்றதாகச் சாட்சி சொல்லியிருக்கிறாரே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இளஞ்செழியன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான். தனசேகரன் அண்ணனைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "ஆமாங்க. இருந்தங்க. கோடாலியும் கையில இருந்திச்சிங்க. மரம் வெட்டத்தாங்க எடுத்துக்கினு போனேன். ஆள வெட்ட இல்லீங்க. எதுக்குன்னு எடுத்தமோ, அதாங்க அது. அது சாமான்தாங்க, ஆயுதம் இல்லீங்க."

அரங்கநாதன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தனசேகரன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எழுந்து போய் அந்தப் பையனை அறையலாமா என்று இருந்தது.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. கோடாரி மரம் வெட்டவே கொண்டுவரப்பட்டது, ஆயுதமாகக் கருத முடியாது, அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை என்று படித்தார் நீதிபதி. கூடியதையும் மறித்ததையும் அவனே ஒப்புக்கொண்டதால் அவற்றுக்கு அபராதம், கோர்ட் கலையும்வரை நிற்க வேண்டும் என்றும் படித்தார். இளஞ்செழியன் சாயங்காலம்வரை மூலையில் சிரித்த முகத்தோடு நின்றான். அபராதத்தை நான் கட்டினேன்.

வெளியே வந்ததும் தனசேகரன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க தீர்ப்பு ஜெயிச்சிடிச்சிண்ணா. அப்படியே எழுதிட்டாரு பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் அவர். எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் மூன்று டீ சொன்னார்.

"கேஸ்தான் முடிஞ்சிடிச்சே. திங்கக்கெழம போயி சேந்துக்கலாமில்லண்ணா?"

"முடியாதுப்பா. அபராதம்னாலும் தண்டன தண்டனதான். ஒன்ன எடுத்துக்கமாட்டாங்க."

"ஆயுதம் இல்லன்னுதான எழுதினாரு?"

"ஆமா. நீ அங்க இருந்தன்னும் எழுதினாரு."

இளஞ்செழியன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அடுத்து என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் தனசேகரன் அண்ணனின் காலை அழுத்தி மிதித்தேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

"நான் எல்லாத்துக்கும் பொய்னு சொல்லியிருந்தா?"

அவர் என் காலைத் தள்ளவில்லை. அவனை நேராகப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உட்டிருப்பாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுவரை மூன்று பேரும் நடந்தோம். நீலமங்கலம் வழியாகப் போகிற டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், விசில் ஊதினார். இளஞ்செழியன் ஏறவில்லை. "அடுத்ததுல போறண்ணா" என்றான். அடுத்ததிலும் ஏறவில்லை.