லிங்கரின் வாயை அடைக்க மறுத்த மும்தாஜ் அக்கா

"மும்தாஜ் அக்கா மௌத்தாயிட்டாங்க. ஜெலுத்தோங் வீட்டுல" என்று பழைய அலுவலகக் குழுவில் செய்தி வந்தபோது கேன்டீன் வரிசையில் நின்றிருந்தேன். அதன் கீழேயே எங்கள் பழைய மேலாளர், 'குழுவின் தூண் சாய்ந்தது' என்று எழுதியிருந்தார். தூணாம்! சாப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு ஏனென்று தெரியும். மருத்துவமனைகளில் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் நிரல் எழுதினோம். அதைத் தொகுக்கும் கம்பைலருக்கும், துண்டுகளை இணைக்கும் லிங்கருக்கும் எந்தெந்த ஃபிளாக், அதாவது கட்டளைக் குறி, போடுவது என்பது அக்காவின் பொறுப்பு. சின்ன எச்சரிக்கை வந்தாலும் நிரலை உருவாக்கும் பில்ட் வேலையே நின்றுபோகும்படி வைத்திருந்தார். கெஞ்சினால் திட்டுதான் கிடைக்கும். "வீட்டுல பொகை வந்தா ஜன்னலத் தொறந்துட்டு தூங்குவியா தம்பி? போய்ச் சரி பண்ணுலா."

ஒருமுறை, நிரலை அனுப்பவேண்டிய நாளில் லிங்கர் இணைக்க மறுத்தது. மருந்து தீர்ந்தால் மணி அடிக்கும் பகுதி இன்னும் வந்துசேரவில்லை. இல்லாததைக் கண்டுகொள்ளாமல் இணைக்கச் சொல்லவும் ஒரு ஃபிளாக் உண்டு.

"அதப் போட்டுடுங்க, லிங்கர் கம்முனு இருக்கும்" என்றார் மேலாளர்.

"மிஷினும் கம்முனு இருக்கும், சார்" என்றார் அக்கா.

அக்கா சுராவுக்குத் தொழப் போனதும் மேலாளர் அவருடைய கணினியிலேயே உட்கார்ந்து அதைப் போட்டார். மாற்றம் அக்காவின் பெயரில் பதிவானது. வார்டில் மருந்து தீர்ந்தபோது மணி அடிக்கவில்லை, கருவி உறைந்து நின்றது. ஒரு நர்ஸ் கவனித்ததால் நோயாளியின் உயிர் தப்பியது. விசாரணையில், பக்கத்து மேசையிலிருந்து பார்த்ததை நான் சொன்னேன். "உங்களிடம் கேட்கவில்லை" என்றார்கள். அக்காவைக் கேபிள் சோதிக்கும் மூலைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு புகாரும் சொல்லாமல் அங்கேதான் இருந்தார்.

ஜனாஸாவுக்கு மேலாளரும் வந்தார். "பெரிய இழப்பு" என்று அக்காவின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அழவில்லை. "உம்மா மேல தப்பில்லன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும்" என்றாள்.

அவர் கார் சாவியைத் தேடினார். கிடைத்ததும் போய்விட்டார்.

அக்காவின் பொறுமை எனக்கு வேண்டாம். அதனால் அவருக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. அவருடைய பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மும்தாஜ் அக்கா மேல் தப்பில்லை. இதை நீங்களும் படிப்பீர்கள், சார். நீங்கள் சொல்லும்வரை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.