முத்துத்தாய் உப்புப் பார்க்கிறாள்

வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவள் முத்துத்தாய். இருபது வருஷமாக அவள்தான். நெற்றியில் திருநீறு, கழுத்தில் கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனி அடையாள அட்டை, கையில் சொந்த எவர்சில்வர் டம்ளர். ரமலான் மாதத்தில் இந்த மூன்றும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

பள்ளிவாசல் கஞ்சிக்கு அவள் எதற்கு என்று கேட்கலாம். காய்ச்சுகிற அப்துல் ரசாக் நோன்பாளி. விடியலுக்கு முன்னாலிருந்து பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அறுநூறு பேருக்கு அரிசியும் பாசிப்பருப்பும் கறிக்கொத்தும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும்போது உப்புச் சரியா என்று யார் சொல்வது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று தொழவைக்கிற அசரத்தே சொல்லிப் பார்த்தார். ரசாக் மசியவில்லை. "துப்புறதுக்குள்ள பாதி தொண்டைக்குள்ள போயிருச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒரு பேரீச்சம்பழத்துக்காக எதையும் சூப்பர் என்று சொல்லும்.

அந்தக் காலத்தில்தான் முத்துத்தாய் காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றாள். செக்கானூரணிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். வில்லாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. வாங்கிய இடத்திலேயே ஒரு வாய் ஊற்றிப் பார்த்தாள்.

"உப்பே இல்ல பாய்."

நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரசாக்குக்கு வெயிலோடு கோபமும் ஏறியது. "நோன்பு வச்சவன் எப்படிம்மா பாப்பான்?"

"அப்ப நான் என்னத்துக்கு இருக்கேன்? நாளைக்கு நாலு மணிக்கு வாரேன்."

வந்தாள். அன்றிலிருந்து கம்பெனி வேன் அவளை மூன்றே முக்காலுக்கு இறக்கிவிட, நாலு மணிக்குக் கஞ்சிக் கொட்டகை வாசலில் நிற்பாள். ரசாக் நீளக் கரண்டியால் ஒரு கை தூரத்திலிருந்து அவள் டம்ளரில் ஊற்றுவார். ஊதி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி, "அரைக் கை" என்பாள். அல்லது "கை வைக்காதீங்க" என்பாள். அவ்வளவுதான் வேலை. அவள் வாய் தன் டம்ளரில்கூடப் பட்டதில்லை. கஞ்சிச் சட்டியில் எங்கே படுவது?

அவள் நாக்கைப் பற்றிச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். குழாய்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது என்று சொல்வாள். மாநகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிடிவாதமும் அதே அளவு. கம்பெனியில் பெண்களை எட்டு மணி நேரம் நிற்க வைத்து வேலை வாங்கினார்கள். இவள் வீட்டிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். சூப்பர்வைசர் சாயங்காலம் வெளியே வைப்பார். காலையில் இவள் உள்ளே கொண்டுபோவாள். பன்னிரண்டாம் நாள் எல்லாருக்கும் ஸ்டூல் வந்தது. புருஷன் வெள்ளைத்துரை லாரி ஓட்டுகிறவர். "போகாதன்னா போவா, போன்னா யோசிப்பா. நான் வாயவே தொறக்கிறதில்ல" என்பார்.

இந்த வருஷம் நோன்பு ஐந்தாம் நாள், யாரோ பதினாலு விநாடி வீடியோ எடுத்துவிட்டார்கள். முத்துத்தாய் அண்ணாந்து கஞ்சி குடிக்கிறாள். அவ்வளவே படம். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குக் கீழே, 'நோன்புக் கஞ்சியை எச்சில் பண்ணுகிறார்கள்' என்று இருந்தது. இன்னொரு குரூப்பில், 'நம்ம வீட்டுப் பெண் பள்ளிவாசலில் கைகட்டி நிற்கிறாள்' என்று இருந்தது. முன்னதைப் பரப்பியவன் முகமது யாசீன். பின்னதைப் பரப்பியவன் அழகுராஜா. இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஒரே காலேஜுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு மட்டும் தனித்தனி பஸ்ஸில் போனார்கள்.

உடனே அமைதிக் குழு கூடியது. ஜமாஅத் செயலாளர் அப்துல் அலீமின் பெயின்ட் கடை மாடியில்தான் கூட்டம். இந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் முத்துக்கருப்பன். முத்துத்தாய்க்குப் பங்காளி முறை அண்ணன், அழகுராஜாவுக்குத் தாய்மாமன். டீ குடித்தார்கள். யாரையும் நோகடிக்காத ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருமாக வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

"முத்துத்தாயி, இந்த வருசம் மட்டும் நீ அங்கிட்டுப் போகாம இரு" என்றார் முத்துக்கருப்பன்.

"எதுக்குண்ணே?"

"ஒரு அமைதிக்குத்தான்."

"ஆமாக்கா" என்றார் அலீம். "பயலுக சூடா இருக்கானுங்க. கொஞ்சம் ஆறட்டும்."

"நான் போறதால யாருக்கு அமைதி கெடுது? ரசாக் அண்ணனுக்கா, எனக்கா?"

அலீம் வேனுக்கு வழிவிடுகிற மாதிரி நகர்ந்து நின்றார்.

"கொடிக்கம்பத்துக்கு ஒத்துவரல, மைக்செட்டுக்கு ஒத்துவரல, பத்து வருசமா பேசிக்கிட்டே இருக்கீக. என்னைய வெளிய தள்ளுறதுக்கு மட்டும் எம்புட்டு ஒத்துமையா வந்திருக்கீக."

"தள்ளலத்தா. ஒதுங்கி இருக்கத்தான் சொல்றோம்."

"ரெண்டுக்கும் எம்புட்டுத் தூரம்ணே?"

மறுநாள் வேனை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிவாசலுக்கு எதிரே மளிகைக்கடைப் படியில் உட்கார்ந்தாள். காலி டம்ளரை முன்னால் வைத்தாள். முகத்தைக் கஞ்சிக் கொட்டகைக்கு நேராக வைத்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன என்று கேட்டார்கள்.

"அமைதியா இருக்கச் சொன்னாக. இருக்கேன்."

அந்த டம்ளர் கொட்டகைக்குள் இருந்தவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. ரசாக் ஒரு உத்தேசமாக உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அஸர் தொழப் போனார். அலீம் வந்தார். எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தார். சொல்ல ஆளில்லாமல் ரசாக் உப்பே போட்டிருக்க மாட்டார் என்று நினைத்து, அவர் பங்குக்கு இரண்டு கை போட்டார். பாங்கு சொல்கிற மோதினார் வந்தார். அவரும் எதிரே பார்த்தார். அவருக்கும் அதே யோசனை. ரசாக்கின் பேத்தி ஆஷிகாவுக்கு ஒரு கரண்டி கொடுத்துக் கேட்டார்கள். அவள் பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டே சூப்பர் என்றாள்.

நோன்பு திறக்கும்போது உணவைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. அறுநூறு பேரும் ஒரு வாய் குடித்து, கண் கலங்கி, தலை குனிந்து இருந்தார்கள். கோயில் தெருவுக்கும் வழக்கம்போல இருபது தூக்குவாளி போயிருந்தது. அதில் ஒன்று ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிற முத்துக்கருப்பன் வீட்டுக்கு. இன்னொன்று அழகுராஜா வீட்டுக்கு. மெசேஜ் அனுப்புகிறவன் கஞ்சியை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் குடித்தே வில்லாபுரம் மேல்நிலைத் தொட்டியில் ஒரு அடி இறங்கிப்போயிற்று.

அடுத்த நாள் பயந்துபோய் ஒருவரும் உப்பைத் தொடவில்லை. அது இன்னொரு கொடுமை. அன்றைக்கும் அவள் எதிரே படியில்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில், வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வீட்டுக்கு அலீமும் முத்துக்கருப்பனும் வந்தார்கள்.

"அக்கா, பின்னால சந்துல ஒரு கதவு இருக்குல்ல" என்றார் அலீம். "அந்த வழியா வந்து ஒரு வாய் பாத்துட்டுப் போயிருங்க. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம வந்துட்டுப் போறதுக்கு நான் என்ன திருடியா?"

"கோவிச்சுக்காதத்தா. பிரச்சினை வேணாம்னுதான்."

"பிரச்சினை என்னையத் தேடி வீதியில வந்துச்சு. நான் எதுக்குச் சந்துல வரணும்? வந்தா முன்வாசல் வழியாத்தான் வருவேன். நாலு மணிக்கு, வெளிச்சத்துல. நீங்க ரெண்டு பேரும் என் பக்கத்துல நிக்கணும். முடியாதுன்னா இன்னைக்கும் எனக்கு அந்தப் படி இருக்கு."

"பயலுக போனைத் தூக்கிட்டு நிப்பானுங்கக்கா."

"நிக்கட்டும். நான் என்ன ஒளிச்சா செஞ்சேன்?"

அன்று நாலு மணிக்கு வீதியில் தேர் பார்க்க வந்த மாதிரிக் கூட்டம். வண்டியூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது என்றால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் நஷ்டமில்லை. ஒரு ஓரத்தில் யாசீனும் சேக்காளிகளும், எதிர் ஓரத்தில் அழகுராஜாவும் அவன் ஆட்களும், கையில் போன்களோடு. அலீம் முன்வாசலில் நின்றார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. முத்துக்கருப்பன் கோயில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றார். அவர் வருவாரா என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகமாக இருந்தது.

முத்துத்தாய் படியிலிருந்து எழுந்து டம்ளரைக் கழுவினாள். நேராக நடந்தாள். நடுவீதியில் நின்றாள்.

"யாசீனு, உனக்கு எதிர்வெயிலு. இங்கிட்டு அழகுராஜா பக்கத்துல வந்து எடு. போன தடவ என் மூக்கு மட்டும்தான் தெளிவா தெரிஞ்சுச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். யாசீன் நகரவில்லை. போன் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது.

ரசாக் கரண்டியை நீட்டி ஊற்றினார். அவள் ஊதினாள், அண்ணாந்தாள், கண்ணை மூடினாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்லாமல் டம்ளரை முத்துக்கருப்பனிடம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்களும் ஒரு வாய் பாருங்க. தப்புன்னா ரெண்டு பேருமாச் செஞ்ச தப்பா இருக்கட்டும்."

முத்துக்கருப்பன் அழகுராஜாவைப் பார்த்தார். அவன் போனுக்குப் பின்னாலிருந்து, "மாமா, வேணாம்" என்றான்.

"ரெண்டு நாளா நீயும் நானும் குடிச்ச கருமத்த நெனச்சுப் பாருடா மாப்ள" என்றார் அவர். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். நாக்கைச் சப்புக்கொட்டி, கமிட்டித் தலைவர் குரலில் சொன்னார்: "ஒரு கை கொறையுது."

"அரைக் கை" என்றாள் முத்துத்தாய்.

"ஒரு கைத்தா. எனக்குத் தெரியாதா?"

"கொதிப்புக்காரருக்குக் கஞ்சியில அம்புட்டு உப்புக் கேக்குதாக்கும். அரைக் கைண்ணே."

"யப்பா" என்றார் ரசாக், இரண்டு பேருக்கும் நடுவில் உப்புக் கிண்ணத்தோடு. "தொண்டத் தண்ணி வத்திப்போய் நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க."

இப்போதும் நாலு மணிக்கு அங்கே போனால் இந்தச் சண்டையைக் கேட்கலாம். முத்துக்கருப்பன் தினம் வருகிறார், சொந்த டம்ளரோடு. தினம் ஒரு கை என்கிறார். ரசாக் அவர் சொல்வதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். பிறகு முத்துத்தாயைத் திரும்பிப் பார்த்து, அரைக் கை போடுகிறார்.