ஆறடி லேத்தும் என் ஆள்காட்டி விரலும்

காய்ந்தும் காயாத பச்சைப் பெயிண்டின் வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். இரண்டாயிரத்துச் சொச்சம், எனக்குப் பதினொரு வயது. அவிநாசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீதியில் பட்டறை வைத்திருந்த பெரியப்பா, இரும்பு கடைகிற ஆறடி லேத்து மிஷின் வாங்கிவிட்டார். அவர் மகள் மாலதி, என் வகுப்புத்தான், "எங்கூட்டு லேத்து ஆறடியாக்கும்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அடேயப்பா, என்ன பீற்றல்! லேத்து எதற்கென்றே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்பா அப்போது முதலிபாளையத்தில் அடுத்தவர் பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பைச் சுழலவிட்டுச் சீவி, பனியன் துணி நெய்யும் மிஷின்களுக்கு "ஷாப்ட்" என்கிற உருளைத் தண்டு கடைந்து கொடுக்கிற வேலை. சொந்தமாகத் தொழில் செய்ய வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையும் போட்டுவிட்டார். கையிலிருந்த சேமிப்புக்கு ஒரே ஒரு பழைய லேத்துதான் வரும், அது சொத்தையாகிவிட்டால் மறுபடி கைகட்டி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் பழைய மிஷின் விற்பவரின் குடோனுக்கு நானும் அடம்பிடித்துப் போனேன். அங்கே பெயிண்ட் உதிர்ந்து எண்ணெய் அப்பிய நாலரையடி லேத்து ஒன்றும், புதுப் பச்சைப் பெயிண்ட் பூசிய ஆறடி லேத்து ஒன்றும் இருந்தன. "ரெண்டும் ஒரே வெலைதானுங்க, பெருசையே கொண்டு போங்க" என்றார் விற்பவர். ஒரே விலைக்கு ஆறடி ஏன் வருகிறது என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஓட்டிப் பார்க்கலாமென்றால் கரண்டு இல்லை. லேத்தின் உளி நகர்ந்து போகிற இரும்புப் படுகையை "பெட்டு" என்பார்கள்; அது தேய்ந்திருந்தால் உளி நேராகப் போகாது; தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேருகிற விளிம்பில் நகம் தட்டும். அப்பாவின் விரல்களோ வருஷக்கணக்காக இரும்புச் சீவல் கிழித்து மரத்துப்போனவை. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

"நகத்த வெச்சு மெதுவா இழுத்துப் பாரு கண்ணு. எங்கியாச்சும் தட்டுதா?"

நாலரையடியில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஆறடியில் பாதி தூரத்தில் என் நகம் தெளிவாகத் தட்டி நின்றது. நாளைக்கு மாலதியின் முகம் எப்படிச் சுருங்கும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் கண்முன் இருந்தது.

"இல்லீங்கப்பா. வழுவழுன்னு இருக்குது" என்றேன்.

ஆறடியையே வாங்கி, கொட்டகைச் சுவரை இடித்து உள்ளே ஏற்றினோம். ஒரு வாரம் மாலதியிடம் நான் பேசிய பேச்சிருக்கிறதே! அதற்குள் அப்பா கடைந்த ஷாப்டுகள் ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் போய், பனியன் கம்பெனிக்காரர்கள் மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்த பெரியப்பாவோடு மாலதியும் வந்தாள், சும்மா இருக்க மாட்டாமல் பெட்டில் நகத்தை இழுத்து, "சித்தப்பா, இங்க தட்டுதுங்களே!" என்றாள்.

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். "என்ற கையி மரத்துப்போச்சுங்கண்ணா, நாந்தான் ஏமாந்துட்டேன்" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அடுத்த மாதமே பெரியப்பாவின் ஆறடி லேத்தில் சம்பளத்துக்கு நின்றார். மாலதி அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்து நான் வெந்தது அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இப்போது இரண்டு கொட்டகையும் இல்லை. எங்கள் லேத்து பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டது. பெரியப்பா இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம்தான், அப்பாவின் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, துணிந்து சொன்னேன்:

"அன்னிக்கு தட்டுச்சுங்கப்பா."

"நீ இழுக்கறப்பவே உன்ற விரலு நின்னத நானும் பாத்தேன் கண்ணு" என்றார். "எங்கண்ணன் ஆறடி வாங்கிட்டாருன்னு எனக்குந்தான் வயிறெரிஞ்சுது. நீ இல்லீன்னு சொல்லோணுமேன்னுதான் நின்னுட்டு இருந்தேன்."