சீர்வரிசையில் போன விதைக்கிழங்கு

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வீரய்யா, மாலை நேரங்களில் விஞ்ஞானி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலந்தான் அவருடைய ஆராய்ச்சி நிலையம். அங்கே அவர் கண்ட முறை எளிமையானது: பெரிய உருளைக்கிழங்கு லொறிக்கு, நடுத்தரம் குழம்புக்கு, கோலிக்குண்டு அளவில் தேறுவது அடுத்த போகத்துக்கு விதை. விற்கவோ தோலுரிக்கவோ முடியாத ஒன்றை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதில் என்ன நட்டம்?

கிழங்கு வருஷா வருஷம் சிறுத்தது. அதற்காக அவர் மழையை விசாரித்தார், உரத்தை விசாரித்தார், பக்கத்து லயத்தாரின் கண்ணூறையும் விசாரித்தார். விதையை மட்டும் விசாரிக்கவில்லை. நோய் பிடித்த செடி சின்னக் கிழங்காகவே ஈனும் என்பதை விதையும் தானாக வந்து சொல்லவில்லை.

அவருடைய தங்கை வினோதா பக்கத்து டிவிஷனில் கொழுந்து பறிப்பவள். புருஷன் இறந்தபின், வேலைக்குப் போன நாளுக்குக் கிடைக்கும் பெயர்ச் சம்பளம் போதாமல் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அவள் மகள் ஹம்சினி பெரியவளானபோது, தாய்மாமன் வீரய்யா சேலை, வளையல், பழத்தட்டுகளோடு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஒரு மூட்டை விதைக்கிழங்கையும் தப்பு முழங்கக் கொண்டுபோய் இறக்கினார். சபை வியந்தது. தங்கை அழுதாள். காணி முழுவதும் அதையே நட்டாள்.

செடி முழங்காலுக்கு வந்தபோது, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு விறைத்தன. விவசாயப் போதனாசிரியர் டிலானி வந்து பார்த்தார்.

“இது விதையிலயே வந்த வைரஸ். அழுக்கணவன் பூச்சி இதுல சாறு குடிச்சிட்டு நல்ல செடிக்குப் போகுது, நோயையும் கொண்டுபோகுது. மருந்து அடிச்சா பூச்சி சாகும், சுருண்ட செடி சுகமாகாது. அத கிழங்கோட பிடுங்கிருங்க.”

வினோதா தலையாட்டினாள். பிடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரய்யா மருந்து டேங்கைச் சுமந்துகொண்டு தங்கையைக் காப்பாற்ற வந்தார்.

“வெதையிலயே வந்த நோயாம், பூச்சி நல்ல செடிக்கும் கொண்டுபோகுதாம். மிஸ்ஸு பிடுங்கத்தாண்ணே சொன்னாங்க” என்றாள் வினோதா.

“பின்ன ஏன் பிடுங்கல?”

“சபையில பொட்டு வச்சு நீங்க எறக்குன சீரு. அத நான் எப்புடிண்ணே பிடுங்கி எறிய?”

“அதுக்காக எல்லாத்தையும் சாகக் குடுப்பியா?”

“இந்தப் போகம் போனா காணிய திருப்பிக் குடுத்துருவேன். அவ்ளோதான்.”

ஒன் மண்ணுலதான் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தவர், நன்றாக நின்ற ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பச்சைப் பூச்சிகள் அப்பியிருந்தன. டேங்கை இறக்கி வைத்தார்.

“வெத என்னுதுதான்” என்றார். இத்தனை வருட ஆராய்ச்சியின் முடிவு இவ்வளவு சுருக்கமாக வெளியிடப்பட்டது.

பிறகு குனிந்து, சுருண்ட செடியைக் கிழங்கோடு பிடுங்கிச் சாக்கில் போட்டார். அடுத்ததையும் பிடுங்கினார். ரோட்டில் போன பக்கத்துக் காணிக்காரன் சோலைமலை நின்று பார்த்துச் சிரித்தான்.

“என்னா மாமா, குடுத்த சீர திரும்ப அள்ளிக்கிட்டுப் போறீங்களா?”

“ஆமாப்பா. கெட்ட சீரு. ஒனக்கும் இதே வெதயில ஒரு கூடை குடுத்தேன்ல? இத முடிச்சிட்டு ஒன் காணிக்கும் வர்றேன்.”

சோலைமலை சிரிப்பை நிறுத்தினான். வினோதா அடுத்த வரிசையில் குனிந்து ஒரு சுருண்ட செடியைப் பிடுங்கினாள்.